பெயரில் மட்டும் பள்ளிவாசல்: ஒரு பழைய படமாளிகை பிழைத்த கதையும் எங்கள் ஊர்க் கட்டடங்களும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கீழே போட்டிருக்கும் படத்தை முதலில் பாருங்கள். வெங்காய வடிவில் குவிமாடம் இருக்கிறது. மினாரா இருக்கிறது. வளைவு வளைவாக வாசல்கள். வெளிச்சுவரில் வெளிர் நிறமும் மண் நிறமும் மாறி மாறி வரும் கோடுகள். எந்த நாட்டுப் பள்ளிவாசல் என்று கேட்டால் ஒருவர் எகிப்து என்பார், இன்னொருவர் மொரோக்கோ என்பார்.

இரண்டும் இல்லை. இது அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் இருக்கும் பொக்ஸ் தியேட்டர். 1929ஆம் ஆண்டு படமாளிகையாகத் திறக்கப்பட்டது. இன்று 4,665 ஆசனங்களோடு பாட்டுக் கச்சேரிகளும் மேடை நாடகங்களும் நடக்கும் அரங்கம்.

இன்னொரு விடயம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இதைக் கட்டத் தொடங்கியபோது இதற்கு வைத்த பெயர் 'யாராப் டெம்பிள் ஷ்ரைன் மொஸ்க்'. ஆம், மொஸ்க். பள்ளிவாசல்.

இப்படி ஒரு படமும் பெயரும் எங்கள் வட்ஸ்அப் குழுக்களுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "பள்ளிவாசலைத் தியேட்டராக்கி ஆட்டம் போடுகிறார்கள்" என்று ஒருவர் எழுதுவார். அரை மணித்தியாலத்தில் அது நூறு பேரிடம் போய்விடும். விசாரித்துப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கட்டடம் ஒரு நாளும் பள்ளிவாசலாக இருந்ததில்லை. அங்கே பாங்கு சொல்லப்படவில்லை, தொழுகை நடக்கவில்லை. கட்டியவர்கள் முஸ்லிம்களும் அல்லர்.

ஆனாலும் அந்தக் கட்டடம் எப்படிப் பிழைத்தது என்ற கதையில், பழைய கட்டடங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் எங்கள் ஊர்களுக்குப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

*கட்டியவர்கள் யார்?*

1870களில் நியூயோர்க்கில் ஒரு நாடக நடிகரும் ஒரு வைத்தியரும் சேர்ந்து ஒரு கழகத்தை ஆரம்பித்தார்கள். ஷ்ரைனர்கள் என்று பெயர். பிரீமேசன் அமைப்பின் உறுப்பினர்கள் கூடிப் பொழுதுபோக்கவும் தர்மக் காரியங்கள் செய்யவும் உருவான சங்கம் அது. அரபு நாட்டு அலங்காரத்தில் அவர்களுக்கு ஒரு மோகம். தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி போடுவார்கள். கிளைகளுக்கு மெக்கா, சிரியா, ஸலாம் என்றெல்லாம் பெயர் வைப்பார்கள். மண்டபம் கட்டினால் சில இடங்களில் அதற்கு மொஸ்க் என்று பெயர்.

இதைக் கேட்டால் எங்களுக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். எங்களுடைய புனிதமான சொல் அவர்களுக்கு வேஷம் போடும் உடுப்பாக இருந்திருக்கிறது. அதே சங்கம்தான் நடக்க முடியாத பிள்ளைகளுக்கு 1922 முதல் ஆஸ்பத்திரிகள் கட்டி நடத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மனிதர்கள் அப்படித்தான். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அட்லாண்டாக் கிளையின் பெயர் யாராப். தங்களுக்கு ஒரு தலைமையகம் வேண்டும் என்று 1920களில் பெரிய திட்டம் போட்டார்கள். ஸ்பெயினின் அல்ஹம்ரா மாளிகையையும் எகிப்தின் கர்னாக் கோயிலையும் பார்த்து வரைபடம் போட்டார்கள். ஆசை பெரிது, கை சிறிது. பாதி வழியில் காசு போதவில்லை. ஹொலிவூட் முதலாளி வில்லியம் பொக்ஸிடம் போய், மண்டபத்தைப் படமாளிகையாகக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அப்படித்தான் அது பொக்ஸ் தியேட்டர் ஆனது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இப்படியான இடங்களைப் படமாளிகை என்று சொன்னது சும்மா இல்லை. உண்மையிலேயே மாளிகைதான். கூலித் தொழிலாளியும் ஒரு டிக்கெட் வாங்கினால் இரண்டு மணித்தியாலம் அரசனைப் போல உட்காரலாம். பொக்ஸின் உள்ளே போனால் ஓர் அரபு மாளிகையின் திறந்த முற்றத்தில் இருப்பது போல இருக்கும். மேலே நீல வானம். அதில் 96 நட்சத்திரங்கள், சில மின்னும், சில மின்னாது. மேகம் நகரும். மாடி ஆசனங்களுக்கு மேலே கோடு போட்ட பெரிய கூடாரத் துணி விரித்திருக்கிறது. அது துணியே இல்லை. இரும்புக் கம்பியும் சாந்தும் சேர்த்துச் செய்து நிறம் பூசியது. மேடையோரத்தில் 3,622 குழாய்கள் கொண்ட ஓர் ஓர்கன். பேசாத படங்களுக்கு இசை கொடுக்கப் படமாளிகைகள் வாங்கிய வாத்தியம் அது. 'மைட்டி மோ' என்று செல்லப் பெயர்.

1929 டிசம்பர் 25இல் திறந்தார்கள். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் நியூயோர்க் பங்குச் சந்தை விழுந்திருந்தது. கொஞ்ச வருடத்திலேயே ஷ்ரைனர்களும் நொடித்தார்கள், வில்லியம் பொக்ஸும் நொடித்தார். கட்டடம் கைமாறியது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து மீண்டும் காலூன்றி, படமாளிகையாக நன்றாகவே ஓடியது. நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஒபெராக் குழு 1947 முதல் 1968 வரை வருடா வருடம் அங்கே வந்து பாடியது.

*ஒரு படிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்*

அந்த மாளிகையில் எல்லோரும் அரசர்கள் இல்லை. கறுப்பின மக்கள் முன்வாசலால் போக முடியாது. பக்கத்து வீதியில், கட்டடத்துக்கு வெளியே ஒரு படிக்கட்டு. அவர்களுக்கென்று தனி டிக்கெட் கூடு. அந்தப் படியால் ஏறி, மிக உச்சியில் பிரித்து விட்டிருந்த பகுதியில்தான் உட்கார வேண்டும். 1960களின் தொடக்கம் வரை இந்த நிலை இருந்தது. 96 நட்சத்திரங்களுக்கு மிகக் கிட்ட இருந்தவர்கள் அவர்கள்தான். மேடைக்கு மிகத் தூரத்தில் இருந்தவர்களும் அவர்கள்தான்.

ஏன் இதைச் சொல்கிறேன்? பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது "அந்தக் காலம் பொற்காலம்" என்று பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பொற்காலம் யாருக்கு என்று கேட்க வேண்டும். கட்டடத்தைக் காப்பாற்றுவது என்றால் அதன் அழகை மட்டும் துடைத்து வைப்பது அல்ல. அது யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்து வைப்பது. இன்று அங்கே சுற்றிக் காட்டுபவர்கள் அந்தப் படிக்கட்டின் கதையையும் சொல்கிறார்கள். இடித்திருந்தால் அழகும் போயிருக்கும், அந்த அநியாயத்துக்கான சாட்சியும் போயிருக்கும்.

*எப்படி அழியப் பார்த்தது?*

வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. ஆட்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடிபோனார்கள். படம் தயாரிக்கும் கொம்பனிகள் சொந்தமாகத் தியேட்டர் வைத்திருக்கக் கூடாது என்ற வழக்கில் 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதோடு தியேட்டர்களைத் தாங்கிய பெரிய கைகளும் விலகின. நாலாயிரம் ஆசனத்தில் நானூறு பேர் இருந்தாலும் மின்சாரக் கட்டணமும் குளிரூட்டும் செலவும் குறையாது. அமெரிக்கா முழுவதும் இப்படியான மாளிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

1974இல் பொக்ஸின் முறை வந்தது. சதர்ன் பெல் என்ற தொலைபேசிக் கொம்பனி தன் தலைமையகத்தை அந்தக் காணியில் கட்ட விரும்பியது. அதை இடிப்பது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. 1975 தொடக்கத்தில் படம் காட்டுவதும் நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஊராக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒரு கண்டனக் கூட்டம் போட்டிருப்போம். பிரதேச சபைக்கு ஒரு மகஜர் கொடுத்திருப்போம். பழைய படங்களை முகநூலில் போட்டு "மறக்க முடியாத நினைவுகள்" என்று எழுதியிருப்போம். அடுத்த மாதம் பெக்கோ வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும்.

அட்லாண்டா மக்களும் சத்தம் போட்டார்கள்தான். 'பொக்ஸைக் காப்போம்' என்று ஊர் முழுக்கப் பேச்சு. எதிர்ப்பு எவ்வளவு பெரிதென்றால், இடிப்பதற்கான அனுமதியை நகர நிர்வாகம் கொடுக்கவில்லை. ஆனால் அவர்கள் சத்தத்தோடு நிற்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

அட்லாண்டா லாண்ட்மார்க்ஸ் என்று இலாபநோக்கற்ற ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். தொலைபேசிக் கொம்பனியோடு உட்கார்ந்து பேசினார்கள். "உங்களுக்குத் தேவை அலுவலகம் கட்ட ஓர் இடம். இந்தக் கட்டடம்தான் வேண்டும் என்றில்லையே" என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பக்கத்துக் காணிகளை ஒழுங்குபண்ணி, கொம்பனி தியேட்டருக்குப் பின்னால் கட்டுவதற்கு வழி செய்தார்கள். கொம்பனியின் 47 மாடிக் கோபுரம் 1982இல் அங்கேயே எழும்பியது. கொம்பனிக்கும் நட்டமில்லை, கட்டடமும் நின்றது.

அடுத்தது காசு. உள்ளூர் வங்கிகளிடம் 18 இலட்சம் டொலர் கடன் எடுத்து 1975இல் கட்டடத்தை அமைப்பின் பெயரில் வாங்கினார்கள். மூன்று வருடத்தில் கடனைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் எல்லாம் போய்விடும். அந்த மூன்று வருடமும் ஊரே சேர்ந்து உழைத்தது. ஸ்டிக்கர் விற்றார்கள், டீ-சேர்ட் விற்றார்கள். பாடகர்கள் வந்து பாடிக் கொடுத்தார்கள். லினர்ட் ஸ்கினர்ட் என்ற குழு 1976 ஜூலையில் மூன்று இரவுகள் அங்கே பாடியதை இசைத்தட்டாகவும் வெளியிட்டது. 1978இல் கடன் தீர்ந்தது.

*கச்சேரி மண்டபம் ஆனது ஏன்?*

இது முக்கியம். மீண்டும் படமாளிகையாக நடத்தியிருந்தால் மீண்டும் மூடியிருப்பார்கள். நாலாயிரம் பேர் ஒன்றாக இருந்து படம் பார்க்கும் காலம் போய்விட்டது. ஆனால் நாலாயிரம் பேர் ஒன்றாக இருந்து ஒருவர் பாடுவதைக் கேட்கும் காலம் போகவில்லை. தொலைக்காட்சியில் கிடைக்காதது நேரில் ஒரு மனிதர் வந்து நிற்பதுதான். முதலிலேயே அந்த மண்டபத்தில் பெரிய மேடையும் இருந்தது. பழைய வேலை போனதும், அந்த உடம்புக்குப் பொருந்தும் புதிய வேலையைத் தேடிக் கொடுத்தார்கள். இன்று வருடத்துக்கு 150க்கும் அதிகமான நிகழ்ச்சிகள் நடக்கின்றன. எகிப்து மண்டபத்தைக் கல்யாணத்துக்கும் விருந்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வருமானம் கட்டடத்துக்கே திரும்பிப் போகிறது.

புனரமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் புனரமைப்பு என்றால் பழையதை உடைத்துவிட்டு டைல்ஸ் போட்டுக் கண்ணாடி பொருத்துவது. அங்கே அப்படிச் செய்யவில்லை. சுவரின் நிறப்பூச்சைப் படை படையாகச் சுரண்டி, ஆரம்பத்தில் என்ன நிறம் இருந்தது என்று பார்த்து அதே நிறத்தைப் பூசுகிறார்கள். கதிரை கிழிந்தால் அதே கதிரையைத் திருத்துகிறார்கள். இதற்கென்று கட்டடத்துக்குள்ளேயே சம்பளத்துக்கு ஆட்கள் வேலை செய்கிறார்கள். அதாவது புனரமைப்பு ஒரு நாள் நாடா வெட்டும் விழாவோடு முடியும் காரியம் இல்லை. வீடு கூட்டுவது மாதிரி. ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே தனி ஆட்களின் உழைப்பும் இருந்தது. 1950களில் அந்தப் பெரிய ஓர்கன் பழுதாகிச் சத்தமில்லாமல் கிடந்தது. ஜோ பெட்டன் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து, சம்பளம் எதுவும் இல்லாமல், 1963இல் அதைத் திருத்திப் பாட வைத்தார். பிற்காலத்தில் அவர் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே குடியிருந்தார். 1996இல் தீ பிடித்தபோது முதலில் கண்டு தீயணைப்புப் படைக்கு அறிவித்தவரும் அவர்தான். கட்டடத்தை நேசிப்பவர் ஒருவர் உள்ளே இருப்பது எந்தக் காப்புறுதியையும் விடப் பெரியது.

*நேசம் மட்டும் போதுமா?*

போதாது. பிட்ஸ்பர்க் நகரில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கேயும் ஷ்ரைனர்கள் ஒரு பெரிய மண்டபம் கட்டியிருந்தார்கள். பெயர் சிரியா மொஸ்க். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசனங்கள். பல்லாண்டு காலம் நகரத்தின் சிம்பொனி இசைக்குழு அங்கேதான் வாசித்தது. அதே நகரில் 1927இல் திறந்து 1964இல் மூடிய ஒரு படமாளிகையும் இருந்தது, லோஸ் பென் என்று. ஹைன்ஸ் குடும்பத்தின் அறக்கட்டளை அதைப் பொறுப்பெடுத்து, புனரமைத்து, 1971இல் ஹைன்ஸ் ஹோல் என்ற பெயரில் இசை மண்டபமாகத் திறந்தது. சிம்பொனிக் குழு அங்கே போய்விட்டது.

சிரியா மொஸ்க்கில் அதன் பிறகும் நிகழ்ச்சிகள் நடந்தன. மக்கள் அதை நேசித்தார்கள். ஆனால் உறுதி அவர்களின் கையில் இல்லை. விற்பனைக்கு வந்தபோது வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது காணி. எதிர்ப்பு இருந்தும் 1991 ஆகஸ்டில் இடித்தார்கள். பின்னர் பல வருடங்கள் அந்த இடம் வாகனத் தரிப்பிடமாக இருந்தது. ஒரு தலைமுறை இசை கேட்ட இடத்தில் கார்கள் நின்றன.

ஒரே நகரம். ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. அழகில் வித்தியாசம் இல்லை. நேசத்திலும் வித்தியாசம் இல்லை. நிற்க வேண்டும் என்று நினைத்தவர்களின் பெயரில் உறுதி இருந்ததா இல்லையா என்பதே வித்தியாசம்.

என் கருத்து இதுதான். ஒரு பழைய கட்டடம் பிழைக்க இரண்டு விடயம் வேண்டும். ஒன்று, அதைக் காக்க விரும்புபவர்களின் பெயரில் உறுதி. இரண்டாவது, அன்றாடம் சோறு போடும் ஒரு வேலை. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது கொஞ்ச நாளைக்குத்தான்.

*இது எங்களுக்குப் புதிய விடயமா?*

இல்லவே இல்லை. ஒரு சொத்தை ஒருவரும் விற்க முடியாதபடி ஒரு நல்ல நோக்கத்துக்குக் கட்டி வைப்பது, அதன் வருமானத்தில் அதைப் பராமரிப்பது, நிர்வகிப்பவர் கணக்குக் காட்டுவது. இதற்கு எங்களிடம் ஒரு பெயர் இருக்கிறதல்லவா? வக்ஃப். அட்லாண்டாக்காரர்களுக்கு அந்தச் சொல் தெரிந்திருக்காது. அவர்கள் செய்தது சட்டப்படி வேறு, நோக்கமும் வேறு. ஆனால் அதன் உயிர் அதேதான். பெயரில் மட்டும் பள்ளிவாசலாக இருந்த ஒரு கட்டடத்தைக் கடைசியில் காப்பாற்றியது வக்ஃபைப் போன்ற ஓர் ஏற்பாடு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எங்கள் நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃப் சட்டம் இருக்கிறது. நூற்றாண்டு காலப் பழக்கம் இருக்கிறது. நம்பிக்கைப் பொறுப்பாளர் சபைகள் இருக்கின்றன. ஆனால் அந்த அறிவைப் பள்ளிவாசலுக்கும் அதன் கடைத்தொகுதிக்கும் வெளியே கொண்டுபோக நாங்கள் யோசிப்பது குறைவு.

இலங்கையில் முன்மாதிரி இல்லை என்றும் சொல்ல முடியாது. மருதானைக்குப் போங்கள். டவர் ஹோல் 1911இல் நாடக அரங்காகத் திறந்தது. பேசும் படம் வந்ததும் நாடகம் நொடித்து அது படமாளிகையானது. 1978இல் மீண்டும் நாடக அரங்காகப் புனரமைக்கப்பட்டு, இன்று ஒரு மன்றத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதே மருதானையில் எல்பின்ஸ்டன், 1920களில் கல்கத்தாவின் மதன் கொம்பனி கட்டிய படமாளிகை. அதுவும் இன்று மேடைக் கலைகளுக்கான அரங்கம். சாஹிராவில் படித்த எத்தனை பேர் இந்த இரண்டையும் தாண்டி ஆயிரம் தடவை போயிருப்பார்கள்!

*எழும் கேள்விகள்*

முதல் கேள்வி: "சேர், தியேட்டர் என்றாலே எங்களுக்குச் சரிவராதே. ஒழிந்து போனால் நல்லதுதானே?"

சினிமாவும் இசையும் கூடுமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. அதை உலமாக்களிடம் விடுகிறேன். நான் கேட்பது கட்டடத்தைப் பற்றி. அறுநூறு பேர் உட்காரக்கூடிய, கூரை உயர்ந்த, சத்தம் தெளிவாகக் கேட்கும் ஒரு மண்டபத்தை இன்று கட்ட எத்தனை கோடி வேண்டும்? அது சினிமாதான் காட்ட வேண்டும் என்று எந்தச் சுவரிலும் எழுதவில்லை. என்ன வேலை கொடுப்பது என்று ஊர் தீர்மானிக்கலாம். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரிலும் ஒரு பொக்ஸ் படமாளிகை இருக்கிறது. 1928இல் திறந்து, 1960களில் மூடி, நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பாழடைந்து கிடந்தது. நகர நிர்வாகம் 1996இல் அதை வாங்கியது. 2009இல் கச்சேரி அரங்கமாகத் திறந்தபோது, அதே கட்டடத்தின் பக்கப் பகுதிகளில் ஒரு பாடசாலையும் குடிவந்தது. பகலில் பிள்ளைகள் படிக்கிறார்கள், இரவில் மேடை நடக்கிறது. ஓர் ஆசிரியனாக இதை வாசித்தபோது பெருமூச்சுத்தான் வந்தது. எங்கள் பிள்ளைகள் பரிசளிப்பு விழாவுக்குத் தகரப் பந்தலுக்குள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே ஊரில் பழைய மண்டபம் பூட்டிக் கிடக்கிறது.

இரண்டாவது கேள்வி: "சாப்பாட்டுக்கே கஷ்டமான காலத்தில் கட்டடம் ஒரு கேடா?"

நியாயமான கேள்வி. பசித்த வீட்டுக்கு அரிசி கொடுக்காமல் சுவருக்கு நிறம் பூசச் சொல்லமாட்டேன். ஆனால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு நாங்கள் செலவழிக்கும் காசு எங்கிருந்து வருகிறது? அதுவும் அதே ஊர்க் காசுதான். இருப்பதைத் திருத்துவது பல நேரங்களில் புதிதாகக் கட்டுவதை விடக் குறைந்த செலவு. பழைய தேக்குக் கதவும் நிலையும் இடித்த அன்றே லொறியில் ஏறிப் போய், பழம்பொருள் கடையில் எங்களால் வாங்க முடியாத விலைக்கு நிற்கும்.

மூன்றாவது கேள்வி: "அமெரிக்காக்காரனிடம் காசு இருக்கிறது. எங்களிடம்?"

அவர்களும் கடன் எடுத்துத்தான் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் எங்களிடம் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. கட்டாரிலும் குவைத்திலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு புதிய மினாராவுக்கு ஒரு கிழமையில் காசு சேர்க்கத் தெரிந்த சமூகம் நாங்கள். குறை காசில் இல்லை. எதற்குச் சேர்ப்பது என்ற யோசனையில் இருக்கிறது.

*என்ன செய்யலாம்?*

பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை. உங்கள் ஊரில் ஒரு பழைய மண்டபத்தை, பாடசாலைப் பிரதான மண்டபத்தை, மூடிய படமாளிகையை, பழைய மத்ரஸாவை இடிக்கும் பேச்சு வந்தால், அந்தக் கூட்டத்தில் எழுந்து நான்கு விடயம் கேளுங்கள்.

ஒன்று: உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது?

இரண்டு: இதற்கு என்ன புதிய வேலை கொடுக்கலாம் என்று யாராவது ஒரு மாதமாவது யோசித்தார்களா?

மூன்று: இடிப்பவருக்குத் தேவை இந்தக் கட்டடமா, அல்லது ஒரு காணியா? காணி என்றால் வேறு காணி இல்லையா?

நான்கு: எதுவும் முடியாது என்றால், இடிக்குமுன் அளந்து, படம் எடுத்து, அங்கே வேலை செய்தவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்தோமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் பத்தாம் ஆண்டு மாணவர்களே போதும். ஒரு கைபேசியும் ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும் இருந்தால் வரலாற்றுப் பாடம் வகுப்பறைக்கு வெளியே நடக்கும். எங்கள் பாடசாலையில் இந்த வருடம் அந்த வேலையைத் தொடங்க எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். அதிபரின் அனுமதி கிடைத்ததும் இங்கேயே அறிவிப்பேன்.

இப்போதைக்கு உங்களிடம் ஓர் உதவி. உங்கள் ஊரில் இன்னும் நிற்கும் பழைய பொதுக் கட்டடம் ஒன்றின் பெயரைக் கீழே எழுதுங்கள். உங்கள் வாப்பாவோ உம்மம்மாவோ அதைப் பற்றிச் சொன்னது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். தெரியாவிட்டால் இன்றிரவு அவர்களிடம் கேளுங்கள். கட்டடம் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

வஸ்ஸலாம்.